ரொட்டிக் கவருக்குள் போன சீட்டு

திருவிழா மலருக்காக இதை எழுதித் தரச் சொன்ன ஃபாதர், "கோபத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதும்மா" என்றார். குறைக்க மாட்டேன். நடந்ததைச் சொல்வதுதான் சாட்சி என்றால் என் கோபமும் நடந்ததுதான். அதை எடுத்துவிட்டால் அந்தோணியார் எனக்குச் செய்த உபகாரம் என்னவென்றே உங்களுக்குப் புரியாது.

என் பெயர் ஜெயமேரி. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன். ஏலத்தில் வாங்கின மீனை ஜனங்கள் என் முன்னால் கொண்டுவந்து கொட்டுவார்கள். செதில் எடுத்து, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பேன். இருபது வருடமாகக் கத்தி பிடித்த கை. வாயும் கத்திதான் என்று சொல்வார்கள். பொய் இல்லை.

என் வீட்டுக்காரர் சூசை. திருவொற்றியூர் தாண்டி ஒரு கம்பெனியில் லோடுமேன் வேலை. காலையில் ஐந்தரை மணிக்கெல்லாம் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். திருவிழாவுக்குத் திருவிழா அந்தோணியார் சப்பரத்தின் முன்கொம்பு அவர் தோளில்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஆள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை. நான் ஒரு வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. எர்ணாவூர் கிட்டே எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி அவரை இடித்துவிட்டது. வண்டியோடு சேர்த்து அவர் வலது காலையும் நசுக்கிவிட்டு, நிற்காமல் போய்விட்டது. நிற்கவே இல்லை. இந்த வார்த்தையை எழுதும்போது இன்றைக்கும் என் பல் நறநறக்கிறது.

டீக்கடைக்காரர் ஒருவர் மட்டும் பார்த்திருக்கிறார். நீல நிற லாரி, இடது பக்கக் கண்ணாடி உடைந்து, சிவப்புத் துணியால் கட்டியிருந்தது. நம்பரைப் பார்க்கவில்லை. பாவம், அவர் சூசையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

முட்டிக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மேரி, என் செருப்பு எங்கடி?" ஒரு செருப்புதான் கிடைத்திருந்தது. அதைப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கத்தினேன்.

ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டார்கள். எழுதின போலீஸ்காரர், "நம்பர் இல்லாம இன்னாத்தம்மா புடிக்கிறது? இந்த ரோட்டுல ஒரு நாளைக்கு எத்தினி லாரி போவுதுன்னு உனக்கே தெரியாதா?" என்றார். தெரியும். அதனால்தான் நானே தேடக் கிளம்பினேன்.

மார்க்கெட் முடிந்ததும் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போய் நிற்பேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றாக இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒரு நாள் ஆத்திரம் தாங்கவில்லை. மீன் கழுவின தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுபோய் ஒரு லாரியின் முன்கண்ணாடியில் வீசினேன். டிரைவர் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் யாரோ, எவனோ. எனக்கு எல்லா லாரிக்காரனும் ஒருவன்தான்.

வீட்டில் சூசை பேசுவதை விட்டுவிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். திருவிழாவன்று சப்பரம் எங்கள் தெருவுக்கு வந்தபோது ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அன்றைக்கு நான் சத்தியம் செய்தேன். அவனைக் கண்டுபிடிக்காமல் என் கட்டை வேகாது.

செப்டம்பரில், மாதா பிறந்தநாள் முடிந்த வாரம் கோயிலுக்குப் போனேன். அந்தோணியார் சொரூபத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டேன். "காணாமப் போன சாவி, கொலுசு, ரேஷன் கார்டு எல்லாத்தியும் கண்டுபிடிச்சிக் குடுக்கிறியே, ஒரு லாரிக்காரனைக் கண்டுபிடிக்க உன்னால முடியாதா?" என்று கேட்டேன். பதின்மூன்று செவ்வாய்க்கிழமை ரொட்டி நேர்ந்துகொண்டேன்.

நம் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்கு ரொட்டி வாங்கிப் போய்ப் பீடத்தின் படியில் வைக்க வேண்டும். நமக்கு வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி ரொட்டியோடு வைப்போம். ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்த பிறகு சீட்டை விண்ணப்பப் பெட்டியில் போட்டுவிட்டு, ரொட்டியைப் பசித்தவர்களுக்கு நம் கையாலேயே கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் இன்னொரு பேச்சும் உண்டு. நேர்ந்த ரொட்டியை மிச்சம் வைத்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் வேண்டுதலும் அதோடு திரும்பிவிடும்.

என் சீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஃபாதர் வேண்டாம் என்றார். நான் எழுதுகிறேன்.

"அந்தோணியாரே, தபசு முதல் வெள்ளி காலையில எர்ணாவூர் கிட்ட என் புருசன் சூசையை இடிச்சிட்டு ஓடின நீல லாரிக்காரனைக் காட்டிக் கொடு. இடது கண்ணாடியில சிவப்புத் துணி. அவனுக்கும் முட்டிக்கு மேல கால் போவணும். சாவக் கூடாது. என் புருசன் மாதிரியே உசுரோட கெடந்து அனுபவிக்கணும். அவனுக்குத் தூக்கமே வரக் கூடாது. இப்படிக்கு ஜெயமேரி, மீன் வெட்டுறவ, காசிமேடு."

ஒவ்வொரு செவ்வாயும் இதையே எழுதினேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஒரு நாள் சூசை அதைப் படித்துவிட்டு, பல மாதம் கழித்து முதல் தடவையாகச் சிரித்தார். "அடிப்பாவி, அந்தோணியாரையே ரவுடி ஆக்கிட்டியேடி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரொட்டி கொடுப்பேன். இரண்டிரண்டு பன்னாகக் காகிதக் கவரில் போட்டு வைத்திருப்பேன். போகிற வழியில் ஒரு லாரி டிரைவர் கை நீட்டினால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். செத்தாலும் லாரிக்காரனுக்கு என் ரொட்டி கிடையாது.

ஒன்பதாவது செவ்வாய் வந்தது. இரண்டு நாளாக விடாத மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நவநாளுக்கு ஏழெட்டு பேர்தான். கரண்டும் இல்லை. விண்ணப்பப் பெட்டி நனையக் கூடாது என்று கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். சீட்டு கையில் இருந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று ஒரு ரொட்டிக் கவருக்குள் செருகினேன். செருகினதை மறந்தும் போனேன். வாசலில் ஒருவரும் இல்லை. பை நிறைய மந்திரித்த ரொட்டி. வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது.

யாராவது கிடைப்பார்கள் என்று நடந்து நடந்து எக்ஸ்பிரஸ் ரோடு வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே லாரிகள் இரண்டு நாளாக நகரவில்லை. டீக்கடை, பிரியாணிக் கடை ஒன்றும் திறக்கவில்லை. ஒரு லாரியின் ஜன்னலிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "அக்கா, சாப்பிட ஏதாச்சும் இருக்குங்களா? நேத்துல இருந்து ஒண்ணுமில்லைங்க" என்றான். சேலம், நாமக்கல் பக்கத்துப் பேச்சு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதலில் அவன் இடது கண்ணாடியைத்தான் பார்த்தேன். முழுசாக இருந்தது. அப்புறம் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவன் மேல் எறிந்தேன். "இந்தா, துன்னு. துன்னுட்டு தெம்பா போயி எவனியாவது ஏத்திக் கொல்லு!"

அன்பாகக் கொடுத்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாய்க்குப் போடுகிறவர்கள்கூட இன்னும் மரியாதையாகப் போடுவார்கள். அவனோ இரண்டு கையாலும் அதைப் பிடித்து, "நல்லா இருப்பீங்க அக்கா" என்றான். அதைப் பார்த்து அடுத்த லாரிக்காரன் இறங்கி வந்தான். அதற்கடுத்தவன். முனகிக்கொண்டே எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்தேன். வீட்டுக்கு வந்து தேடினபோதுதான் சீட்டைக் காணோம் என்று தெரிந்தது. மழைத் தண்ணீரில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த வாரம் வேண்டுதல் போய்ச் சேரவில்லை என்று அந்தோணியார் மேலேயே எரிச்சல் பட்டேன்.

அதே வாரம் சனிக்கிழமை. மார்க்கெட்டில் எனக்கு முன்னால் ஒருவன் மீன் இல்லாமல் வெறும் கையோடு வந்து நின்றான்.

"ஜெயமேரி அக்கா நீங்கதானுங்களா?"

ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த அதே முகம். பெயர் முருகேசன் என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். உள்ளே என் சீட்டு. ஈரம் பட்டு ஓரத்தில் மை கசிந்திருந்தது.

"ரொட்டிக்குள்ள இருந்துச்சுங்க. படிச்சிட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றான். "உங்க வீட்டுக்காரர இடிச்சது நானில்லைங்க அக்கா. ஆனா நானா இருந்திருக்கலாமுங்க. நீங்க ரொட்டி குடுத்த அன்னைக்கு, லைன் எப்ப நகருமோன்னு ரெண்டு நாளா கண்ணு மூடல. வயித்துல ஒண்ணுமில்ல. லைன் நகர்ந்ததும் லோடை இறக்கிட்டு உடனே ஊருக்கு ஓட்டச் சொல்லி ஓனர் போன் பண்ணிட்டே இருந்தாரு. இதைப் படிச்சப்புறம் போனை அணைச்சுப் போட்டுட்டேன். ரொட்டியத் தின்னுட்டு அப்படியே தூங்கிட்டேன். காலையிலதான் எந்திரிச்சேன்."

"சரி, அதுக்கின்னா இப்போ?" என்றேன்.

"இன்னொண்ணுங்க. திட்டாதீங்க. இந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து எங்க டிரைவருங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நல்லவேளை, கத்தியைக் கீழே வைத்தேன். "அடப் பேமானி! அந்தோணியாருக்கு எழுதினதை லாரிக்காரனுங்களுக்கு அனுப்புனியா? அது இன்னா சினிமா நோட்டீசா?" விண்ணப்பச் சீட்டு என்பது ஃபாதர் காதில் மட்டும் சொல்கிற பாவசங்கீர்த்தனம் மாதிரி. யாரும் படிக்கக் கூடாது. என் சாபம் அத்தனையும் ஊர் ஊராக யார் யார் கையிலோ போய்க்கொண்டிருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அந்தக்கா கையில ரொட்டி தின்னவன் சொல்றேன், தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு நானும் பேசிப் போட்டேனுங்க. ஒருத்தரும் சிரிக்கலைங்க அக்கா" என்றான்.

போ என்று விரட்டிவிட்டேன். ஆனால் அவன் சொன்ன ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. பத்தாவது செவ்வாயிலிருந்து நான் ரொட்டியை எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கே கொண்டுபோனேன். மறுபடியும் சொல்கிறேன், இது அன்பு இல்லை. வயிறு நிறைந்தால் தூங்குவான். தூங்கி எழுந்து ஓட்டினால் இன்னொருத்தி புருசன் மேல் ஏற்ற மாட்டான். அதோடு, கண்ணாடிகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவும் வசதி. டிரைவர்கள் என்னைப் பார்த்ததும் தாங்களாகவே இடது பக்கக் கண்ணாடியைக் காட்டுவார்கள். "பாத்துக்கோ அம்மா, நானில்ல" என்பார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். சில சமயம் சிரிப்பும் வந்தது. சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

பதினொன்றாவது செவ்வாய் போனது. பன்னிரண்டாவதும் போனது. ஒன்றும் இல்லை. "இன்னும் ஒரு வாரம்தான் உனக்கு டைம்" என்று அந்தோணியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பதின்மூன்றாவது செவ்வாய். மார்க்கெட்டிலிருந்து நேராக நவநாளுக்குப் போய்விட்டு எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வந்திருந்தேன். மீன் கத்தி பைக்குள்ளேயே இருந்தது. வரிசையாகக் கைகள் நீண்டன. முகத்தைப் பார்க்காமல் கொடுத்துக்கொண்டே போனேன். கடைசிக் கவரைக் கடைசிக் கையில் வைத்தேன். அந்தக் கை அதை வாங்கிக்கொண்டது, ஆனால் நகரவில்லை.

"அம்மா, நான்தான்."

"இன்னா நீதான்?"

"நீல வண்டி. செவப்புத் துணி."

அப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். தாடி. முப்பத்தைந்து வயது இருக்கும். மணலிக்காரன். பெயரை எழுத மாட்டேன். அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளை இருக்கிறது. அதற்காக மட்டும்தான்.

என் கை பைக்குள் போனது. கத்தியின் பிடியைத் தொட்டேன். இதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு மனம் இல்லை. தொட்டேன்.

அப்போது அவன் அழுதுகொண்டே பேசினான். "மூணு நாளு தூங்கல அன்னிக்கு. இடிச்சது தெரிஞ்சிது. பயந்துட்டேன். அவரு செத்துட்டாருன்னு நெனச்சினு இருந்தேன்மா. அதுக்கப்பறம் அந்த ரோட்டுப் பக்கமே வரல. ஒரு கொலைய வயித்துல வச்சினு சோறு துன்ன முடியல. செத்துப் போயிடலாம்னு ரெண்டு தபா முடிவு பண்ணேன். அப்போதான் உன் சீட்டு போன்ல வந்துச்சி. உசுரோட கெடந்துன்னு எழுதிக் கீது. உசுரோட கீறாரு! அதைப் படிச்சிட்டுத் தரையில உக்காந்து கையெடுத்துக் கும்பிட்டேன். பத்து தபா படிச்சேன்மா."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். நான் விஷம் என்று நினைத்து எழுதின வரி. அவன் அணுஅணுவாகச் சித்திரவதைப்பட வேண்டும் என்று எழுதின வரி. அதை மருந்து மாதிரி குடித்துப் பிழைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறான். கத்தியை விட்டுவிட்டு ஓங்கி ஓர் அறை விட்டேன். ஃபாதர், இந்த வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். மீன் வெட்டுகிற கை. அவன் இரண்டடி பின்னால் போய் லாரியின் டயரில் சாய்ந்தான். ஆனால் கையிலிருந்த ரொட்டியை மட்டும் விடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

அதைப் பார்த்ததும் இரண்டாவது அறைக்குத் தூக்கின கை இறங்கிவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியாது. மந்திரித்த ரொட்டி. நேர்ந்துகொண்ட கடைசி ரொட்டி. பசித்தவனுக்கு என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். அதைத் திருப்பி வாங்க முடியாது.

"கீழ வுட்டுடாத" என்றேன். "துன்னு முடி. அப்பறம் ஸ்டேஷனுக்குப் போலாம்."

அவன் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றான். பாதியில் விக்கிக்கொண்டது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தின்று முடித்ததும் நான் முன்னால் நடந்தேன். அவன் பின்னால் வந்தான். ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடுவதென்றால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அந்தப் போலீஸ்காரரின் மேஜைக்கு முன்னால் அவனை நிறுத்தி, "இந்தா சார் நம்பர், எழுதிக்கோ" என்றேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாய்தா தவறாமல் போய் முன்வரிசையில் உட்காருகிறேன். லாரி எது என்று தெரிந்ததால்தான் இன்சூரன்ஸ் கேஸ் போட முடிந்தது. அதில்தான் சூசைக்கு நல்ல செயற்கைக் கால் வந்தது. போன வருடத் திருவிழாவில் அவர் சப்பரத்துக்குப் பின்னால் எங்கள் தெருமுனை வரைக்கும் நடந்தார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனார்.

ஜாமீனில் வந்ததும் அவனைப் பார்க்க வேண்டும் என்று சூசைதான் கேட்டார். வந்தான். வாசலிலேயே நின்றான். சூசை அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்போ தூங்குறியா?" என்றார். "கொஞ்சம் வருதுண்ணா" என்றான். "உக்காரு. மேரி, டீ போடு" என்றார். போட்டேன். அவன் டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றேதான். அவனும் முழுசாகக் குடித்துவிட்டு, நல்லா இருக்குது என்றான்.

இப்போது அவன் லாரி ஓட்டுவதில்லை. மணலியில் மூட்டை தூக்குகிறான். செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்துவிடுகிறான். பதின்மூன்று முடிந்தும் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு ரொட்டி கொண்டுபோவதை நான் விடவில்லை. கூடையை அவன்தான் தூக்குகிறான். கனமாக இருக்கட்டும் என்று கூட இரண்டு டஜன் வாங்குகிறேன். முருகேசன் துறைமுகத்துக்கு லோடு கொண்டுவருகிற வாரமெல்லாம் வரிசையில் நின்று, "அக்கா, இன்னைக்கு ரொட்டிக்குள்ள யாருக்குச் சாபமுங்க?" என்று கேலி செய்வான்.

மன்னித்துவிட்டாயா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். கேட்காதீர்கள். முருகேசன் திருப்பிக் கொடுத்த அந்தச் சீட்டு என்னிடம்தான் இருந்தது. போன செவ்வாய்தான் அதை விண்ணப்பப் பெட்டியில் போட்டேன். போடுவதற்கு முன்னால் உபதேசியாரிடம் பேனா வாங்கி, கால் போவணும் என்ற வரியை அடித்தேன். தூக்கமே வரக் கூடாது என்ற வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அடிக்கவில்லை. இன்னும் மனம் வரவில்லை. வரும்போது அந்த வரி இல்லாமல் வேறு சீட்டு எழுதிப் போடுகிறேன். அதுவரைக்கும் அந்தோணியார் என்னைப் பொறுத்துக்கொள்வார். இத்தனை நாள் பொறுத்தவர்தானே.

இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பண்ணுங்கள். ஆண்டவருக்கு நம் வாய் தெரியாதா? சாபத்தோடு எழுதின சீட்டையும் அவர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுகிறார். ஆனால் ரொட்டியை உங்கள் கையால் கொடுங்கள். கொடுக்கும்போது கை நீட்டுகிறவன் முகத்தைப் பார்க்காதீர்கள். அவன் யார் என்று தெரிந்திருந்தால் அந்தக் கடைசி ரொட்டியை நான் கொடுத்திருக்க மாட்டேன்.